புத்தகத்தை மூடிய பிறகு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகளில் சரியாக எழுதாதவர்களை நிறுத்தி விசாரித்தால், அவர்களிற் பெரும்பாலோர் கூறும் காரணம் "படிக்கவில்லை" என்பதன்று. "எல்லாம் படித்ததுதான், எழுதும்போதுதான் வரவில்லை" என்பதே. பெற்றோர் இதனை வெறும் சாக்கென்று தள்ளிவிடுகின்றனர். உபாத்தியாயர்கள் கவனக்குறைவு என்று பெயரிட்டு அறிவுரை வழங்குகின்றனர். ஆனால் மனோதத்துவ சாஸ்திரமோ, இந்த விஷயத்தில் பெரியவர்களின் தீர்ப்பைக் காட்டிலும் பிள்ளைகளின் வாக்குமூலத்தையே பெரும்பாலும் மெய்யென ஏற்றுக்கொள்கிறது. ஏனெனில், ஒன்றைக் கண்டவுடன் 'இது நமக்குத் தெரிந்ததுதான்' என்று அடையாளம் கொள்வதும், அது கண்ணெதிரே இல்லாத வேளையில் மனத்துக்குள்ளிருந்து அதை வருவித்துக்கொள்வதும் ஒரே ஆற்றலின் இரண்டு பெயர்கள் அல்ல. முன்னதில் தேர்ந்தவன் பின்னதில் தடுமாறுவது அன்றாட நிகழ்ச்சி. வினாத்தாள் கேட்பது பெரும்பாலும் பின்னதை. நம் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் வீட்டிலே பழகுவதோ முன்னதை. தேர்வு எழுதும் உபாயங்களைப் பற்றி வெளிவரும் யோசனைகளில் பெரும்பாலானவை தேர்வறைக்குள் நுழைந்த பிறகு செய்ய வேண்டியவற்றையே பேசுகின்றன. உண்மையில் அந்த உபாயத்தின் முக்காற்பங்கு, சில மாதங்களுக்கு முன்பே, வீட்டில், புத்தகத்தை எந்தக் கணத்தில் மூடுகிறோம் என்பதிலே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கட்சி.

ஒரு பாடத்தை முதல்முறை வாசிக்கையில் ஏற்படும் பிரயாசை இரண்டாம் முறையில் பாதியாகிறது. மூன்றாம் முறையில் கண் வரிகளின்மீது தடையின்றி ஓடுகிறது. நான்காம் முறைக்குள் ஒவ்வொரு பத்தியும் பழகிய முகமாகத் தோன்றுகிறது. வாசிப்பில் வந்த இந்தச் சரளத்தை விஷயத்தில் வந்த தேர்ச்சி என்று மனம் தப்பாக எடுத்துக்கொள்வதே, மாணாக்கரின் உழைப்பைச் சத்தமின்றித் தின்றுவிடும் பிரமையாகும். பத்தாண்டு காலம் பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து அத்தை வீட்டுக்குப் போய்வந்த ஒருவனிடம் ஒருநாள் வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொன்னால், எந்த முச்சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவன் விழிப்பானே, அதே நிலைதான் இதுவும். அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் 2013-ஆம் ஆண்டு, மாணாக்கர் கையாளும் பத்து விதமான படிப்பு முறைகளை, அவற்றைப் பற்றி அதுவரை நடந்திருந்த ஆராய்ச்சிகளைக்கொண்டு நிறுத்துப் பார்த்தனர். மறுபடி மறுபடி வாசிப்பதும், வரிகளுக்கு அடியில் கோடிடுவதும் பயன் குறைந்தவற்றின் வரிசையில் விழுந்தன. பாடநூலின் பக்கங்களை மஞ்சளும் பச்சையுமாக ஹைலைட்டரால் தீட்டிவிட்டு ஒரு கடமையை முடித்த திருப்தியோடு உறங்கச் செல்லும் பிள்ளைகள் இல்லாத வீடு இன்று அரிது. பயன் மிக்கவை என்று அவர்கள் முதலிடத்தில் வைத்தவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்ளுதலும், படிப்பைப் பல நாட்களுக்குப் பிரித்து வைத்தலும்.

இவ்விரண்டனுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. மறதியை அளந்து பார்க்க முடியும் என்று முதன்முதலில் காட்டியவர் ஜெர்மானியராகிய ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ஆதாரமான சோதனைகள் அனைத்திலும் சோதித்தவரும் சோதிக்கப்பட்டவரும் அவர் ஒருவரே. பழைய ஞாபகம் எதுவும் குறுக்கிடக் கூடாது என்பதற்காக, பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300-ஐத் தாமே உண்டாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, சில நேரம் கழித்து அதே வரிசையைத் திரும்பக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். இருபது நிமிஷத்தில் அந்த மிச்சம் நூற்றுக்கு 58 ஆகவும், ஒரு மணி நேரத்தில் 44 ஆகவும், ஒரு நாளில் மூன்றிலொரு பங்கு அளவாகவும் தேய்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு தேய்வின் வேகம் தணிந்து, ஒரு மாதம் கழித்தும் 21 எஞ்சி நின்றது. பொருளற்ற அசைகளுக்கு உரிய இந்த எண்களை வரலாற்றுப் பாடத்துக்கோ அறிவியல் பாடத்துக்கோ அப்படியே பொருத்துவது தவறாகும். பொருள் விளங்கிய செய்தி அவ்வளவு விரைவாக உதிர்வதில்லை. எனினும், மறதி முதலில் பாய்ந்தோடிப் பின்னர் நடை தளர்கிறது என்ற அதன் போக்கு, அவருக்குப் பின் வந்தவர்களின் சோதனைகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

இந்த மறதிக்கு அணைகட்டுவது எது? ஆர்தர் கேட்ஸ் என்பவர் 1917-இல் பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு நடத்திய சோதனையில், கொடுத்த நேரத்தின் பெரும் பகுதியை வாசிப்பில் செலவிட்டவர்களைவிட, அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை ஏட்டைப் பாராமல் ஒப்பித்துப் பார்ப்பதில் செலவிட்டவர்களே மேம்பட்டு நின்றனர். 1939-இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் அயோவா மாகாணத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரைச் சோதித்தார். சோதனைக்குரிய பாடங்களில் ஒன்று நிலக்கடலையைப் பற்றியது, இன்னொன்று மூங்கிலைப் பற்றியது. படித்த அன்றைக்கே ஒரு சிறு தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு வாரங்கள் பல சென்ற பின்னும் பாடம் கைவசம் இருந்தது. அப்படி எழுதாதவர்களுக்கோ சில நாட்களுக்குள் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது. மதிப்பெண்ணை அளப்பதற்கென்று ஏற்பட்ட தேர்வே கற்பிக்கும் கருவியாகவும் தொழிற்படுகிறது என்ற இந்த உண்மை, ஏனோ வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும். 2006-இல் வெளிவந்த அவர்களுடைய சோதனையின் விசேஷம் அதன் எளிமையிலே இருக்கிறது. கல்லூரி மாணாக்கரிடம் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து, ஒரு சாராரை இருமுறை வாசிக்கச் செய்தனர். மறு சாரார் ஒருமுறை வாசித்த பின் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நினைவிலிருந்தவற்றையெல்லாம் வெள்ளைத் தாளில் எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை வாசித்தவர்களே வென்றனர்: அவர்களுக்கு நூற்றுக்கு 81, மற்றவர்களுக்கு 75. பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு கடைசி நிமிஷம் வரை பக்கங்களைப் புரட்டும் பிள்ளைகளின் நம்பிக்கைக்கு ஆதாரம் இந்த 81-தான். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. வாசித்தே திருப்தியடைந்தவர்கள் 42-க்கு இறங்கிவிட, ஒருமுறை எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றனர். வருந்தி வரவழைத்த நினைவு நிலைக்கிறது. சிரமமின்றிக் கண்ணில் பட்டது நழுவுகிறது. அதனால், எழுதிப் பார்க்கும்போது விழுகிற திணறலைத் தோல்வியென்று கருதி உடனே புத்தகத்தைப் பிரித்துவிடுகிற பிள்ளை, மருந்து கசக்கிறது என்று அதைத் துப்பிவிடுவதற்கு ஒப்பான காரியத்தையே செய்கிறது.

நம் முன்னோர்கள் இந்த மர்மத்தை அறியாதவர்கள் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கன் நூல் பயிலும் முறையைக் கூறுகையில், கேட்டதைத் தனியே நினைத்துப் பார்த்தலையும், உடன் பயில்வோரோடு சேர்ந்து வினவுதலையும், வினவியதற்கு விடை இறுத்தலையும் அம்முறையின் உறுப்புக்களாகவே எண்ணுகிறார். உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் வருணிக்கும் பழைய பள்ளிக்கூடத்தில், மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். எபிங்ஹாஸின் கணக்கில் மறதி மிகக் கடுமையாக இருக்கும் அந்த முதல் நாளைக் கடந்து ஒன்றைக் கொண்டுவரும் அப்பியாசம் அல்லவா அது? இப்படிச் சொல்வதனால், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிரம்பையும், பொருள் தெரியாமல் கூவிய நெட்டுருவையும் நான் திரும்ப அழைப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். விளங்காததை எத்தனை முறை ஒப்பித்தாலும் அது விளங்கப்போவதில்லை. முதலில் விளங்கிக்கொள்ளுதல், பிறகு ஏடின்றி வருவித்தல் என்ற முறை பிறழ்ந்தால் பயன் இல்லை.

செயலில் இது எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு பாடத்தை வைத்துப் பார்க்கலாம். மனித இதயத்தின் அமைப்பைப் படித்து முடித்த சிறுமி ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நான்கு அறைகளை வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள்; இதுவரை தடையில்லை. அடுத்து வால்வுகளைக் குறிக்க வேண்டும். மூவிதழ் வால்வு வலப்பக்கமா, இடப்பக்கமா? பென்சில் நிற்கிறது. புத்தகம் திறந்திருந்தபோது இந்தக் கேள்வி அவளுக்கு எழவே இல்லை, ஏனெனில் விடை அங்கேயே அச்சாகியிருந்தது. அரை நிமிஷம் யோசித்து இடப்பக்கம் என்று குறிக்கிறாள். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்றும் எழுதிவிடுகிறாள், தமனி என்றாலே அப்படித்தானே என்ற எண்ணத்தில். பிறகு புத்தகத்தைத் திறந்து, சிவப்பு மையால் இரண்டையும் திருத்துகிறாள்: மூவிதழ் வால்வு வலப்பக்கம், நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையே எடுத்துச் செல்கிறது. இந்தச் சிவப்புத் திருத்தம் இன்றியமையாதது. தவறாக வருவித்ததைத் திருத்தாமல் விட்டால் தவறே வேரூன்றிவிடும். மூன்று நாள் கழித்து அவள் மீண்டும் படிக்க வேண்டியது முழுப் பாடத்தையும் அன்று. புதிதாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த இரண்டு இடங்களையும் மீண்டும் நிரப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளை, 'புக் பேக்' என்று பிள்ளைகள் சொல்வார்களே அவற்றை, விடைகள் குறித்துவைத்த பிரதியிலேயே திரும்பத் திரும்ப வாசிப்பவர்கள், கையில் கிடைத்த நல்ல சாதனத்தைப் பழுதாக்குகின்றனர்.

நாட்களைப் பிரித்து வைப்பதற்கும் எபிங்ஹாஸே சாட்சி. ஒரே நாளில் அடுத்தடுத்து 68 முறை திருப்பிச் சொன்னதால் கிட்டிய பயன், மூன்று நாட்களுக்குப் பங்கிட்டபோது 38 முறையிலேயே அவருக்குக் கிட்டியது. ஏறத்தாழப் பாதி உழைப்பில் அதே பலன் என்றால், பெற்றோர்கள் இதைக் கேட்டவுடன் பாய்ந்து பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்போம். ஆனால் திருப்புதல் தேர்வு வரும்வரை தொடாமலிருந்து, பின் ஒரே இரவில் நான்கு பாடங்களை முடிக்கும் வீரத்தையே நம் வீடுகள் இன்னும் மெச்சுகின்றன. அந்த இரவுக் கண்விழிப்புக்கும் ஒரு வார்த்தை: 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் இரண்டு மாணாக்கருக்குப் பத்துப் பத்து அசைகளைக் கற்பித்து, எட்டு மணி நேரம் விழித்திருந்த பின்னும், எட்டு மணி நேரம் உறங்கிய பின்னும் சோதித்தனர். விழித்திருந்தபோது பத்தில் ஏறத்தாழ ஒன்றே எஞ்சியது. உறங்கியெழுந்தபோது ஐந்துக்கு மேல். சோதிக்கப்பட்டவர் இருவரே என்றாலும், உறக்கம் நினைவுக்குப் பகையன்று, காவல் என்ற அவர்களுடைய முடிவைப் பிற்கால ஆராய்ச்சிகள் பொய்யாக்கவில்லை.

கணிதத்துக்கு இன்னொரு நுட்பம் உண்டு. அளவியல் பாடத்தில் உருளைக் கணக்குகள் பத்தைச் செய்து, பிறகு கூம்புக் கணக்குகள் பத்தைச் செய்து, அதன் பிறகு கோளம், இடைக்கண்டம் என்று போவதே வழக்கம். அப்படிச் செய்யும்போது எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று மாணாக்கன் ஒருமுறைகூட யோசிப்பதில்லை. பயிற்சியின் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல், கனவடிவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளையே கொண்டு இதைச் சோதித்தனர். வகை வகையாகப் பிரித்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது நூற்றுக்கு 89 சரியாகச் செய்ய, கலந்து செய்தவர்கள் 60-ஐயே எட்டினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, பிரித்துச் செய்தவர்கள் 20-க்கு வீழ்ந்தனர். கலந்து செய்தவர்கள் 63-இல் நின்றனர். பொதுத்தேர்வு வினாத்தாளில் கணக்குகள் பாட வரிசைப்படி தலைப்பிட்டு வருவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்களுக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

இனித் தேர்வறைக்குள் நுழையலாம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை எடுத்துக்கொண்டால், ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. பதினான்கில் பத்துக்கு விடையளிக்க வேண்டிய இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஒரு தொகுதி, ஐந்து மதிப்பெண் வினாக்கள் மற்றொரு தொகுதி, ஒவ்வொன்றிலும் ஒன்று கட்டாய வினா. கடைசியில் வடிவியலும் வரைபடமுமாக எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஆக 100 மதிப்பெண். எழுதுவதற்கு 180 நிமிஷம். சரிபார்ப்பதற்கென்று 15 நிமிஷத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால் எஞ்சுவது 165. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 30, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 85, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 35 என்று வகுத்தால் கணக்கு நேராகிறது. இதன்படி ஓர் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உரியது எட்டரை நிமிஷம். விடை வந்தே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தோடு ஒரே கணக்கில் இருபது நிமிஷம் போராடி வென்றவன், வேறோர் ஐந்து மதிப்பெண்ணைக் கைநழுவவிட்டுத்தான் அந்த வெற்றியை வாங்கியிருக்கிறான். பத்து நிமிஷம் தாண்டியதும் அதற்கென இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அப்படிச் செல்வதும் ஒரு பழக்கமே ஆதலால், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு வீட்டில் முழு வினாத்தாள்களை எழுதிப் பாராதவனுக்கு அந்தத் துணிவு அங்கே திடீரென்று வாய்க்காது. எழுதத் தொடங்குமுன் வினாத்தாளை வாசிப்பதற்கென்று தனியே தரப்படும் பத்து நிமிஷம், எவற்றை விடுவது என்று தீர்மானிப்பதற்கு உரியது. அதைப் பிரார்த்தனையில் கழிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரார்த்தனையை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருக்கலாம்.

அச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சாஸ்திரம் சற்றுத் தயங்குகிறது. தேர்வுக்கு முன் பத்து நிமிஷம் தன் கவலைகளை ஒரு தாளில் எழுதித் தீர்த்துவிட்டால் பயந்த மாணாக்கர் நன்றாக எழுதுகின்றனர் என்று ஜெரார்டோ ராமிரெஸும் சயான் பைலாக்கும் 2011-இல் அறிவித்தபோது அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால், புகழ்பெற்ற ஆராய்ச்சிகள் பலவற்றைத் திரும்பச் செய்து பார்த்து 2018-இல் வெளியான ஒரு பெருமுயற்சியில், அவ்விருவரின் சோதனைகளுள் ஒன்று எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆகையால் அதைச் செய்து பார்ப்பதில் கெடுதல் இல்லை என்று மட்டும் சொல்லி நகர்வதே நேர்மை.

முதலில் தோன்றிய விடையை மாற்றாதே என்று டியூஷன் வாத்தியார் முதல் பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோரும் சொல்லும் உபதேசத்துக்கு மாறாக மிகத் திடமான சாட்சியம் இருக்கிறது. ஜஸ்டின் குரூகரும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இல்லினாய் பல்கலைக்கழக மாணாக்கர் 1,561 பேரின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணினர்; அவற்றில் தவறிலிருந்து சரிக்கு மாறியவை நூற்றுக்கு 51, சரியிலிருந்து தவறுக்கு மாறியவை 25. இருந்தும் அந்த மூடநம்பிக்கை அழியாததற்கு அவர்கள் காட்டும் காரணம் சுவையானது: சரியாயிருந்ததை மாற்றிக் கெடுத்த வேதனை நெஞ்சில் தங்குகிறது, தவறை மாற்றித் தப்பித்த நிம்மதி மறுநாளே மறந்துபோகிறது. ஆகவே சந்தேகத்துக்கு ஒரு காரணம் தென்பட்டால் விடையை மாற்றலாம்.

அந்தக் காரணத்தைத் தேடுவதற்கே எடுத்து வைத்த 15 நிமிஷம். அதில் எழுதியவற்றை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு போவது, வீட்டில் பாடத்தை நான்காம் முறை வாசித்த அதே பிரமையையே தரும். சற்றுமுன் தான் எழுதிய வரிகள் எவனுக்கும் சரியாகவே தோன்றும். எழுதிய வழியை விட்டு வேறு வழியில் விடையை அணுக வேண்டும். ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. உள்ள கூம்பின் கன அளவு 3,696 கன செ.மீ. என்று ஒருவன் எழுதியிருக்கிறான் என்க. ஒவ்வொரு பெருக்கலும் சரி; எத்தனை முறை வாசித்தாலும் குற்றம் புலப்படாது. ஆனால் அந்தக் கூம்பைச் சரியாக உள்ளடக்கும் ஒரு பெட்டியை மனத்தில் நிறுத்தினால், அதன் அளவு 14-க்கு 14-க்கு 24, அதாவது 4,704 கன செ.மீ. நுனி நோக்கிக் குறுகிச் செல்லும் கூம்பு ஒன்று பெட்டியின் முக்காற்பங்குக்கு மேல் அடைத்துக்கொள்வது எங்ஙனம் என்று கேட்ட மாத்திரத்தில், அவன் கணக்கிட்டது உருளையை என்பதும், சூத்திரத்தில் மூன்றிலொரு பங்கு விட்டுப்போயிற்று என்பதும் விளங்கிவிடும். 1,232 என்று திருத்தி எழுத அரை நிமிஷம் போதும்.